தள்ளப்பட்ட குழந்தைகளின் வைத்தியர்: டாக்டர் லாங்டன் டவுன்



ஒரு வீட்டில் குழந்தை பிறந்ததென்று கேள்விப்பட்டால் நாம் என்ன செய்கிறோம்? கற்கண்டு வாங்கிச் சுவைக்கிறோம். தாயின் சுகத்தை விசாரிக்கிறோம். குழந்தை அப்பனைப் போலவா, பாட்டியைப் போலவா என்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். ஆனால் சில வீடுகளில் இந்தச் சந்தோஷம் பாதியில் நின்றுவிடுகிறது. குழந்தையின் கண்கள் வெளியோரத்தில் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. மூக்கின் தண்டு தட்டையாயிருக்கிறது. கைகால்கள் துவளுகின்றன. பால் குடிக்கும்போது சீக்கிரம் களைத்துப் போகிறது. வைத்தியர் பார்த்துவிட்டு, டவுன் சிண்ட்ரோம் என்று ஒரு பெயரைச் சொல்லுகிறார். அன்று முதல் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். சிலர் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த ‘டவுன்’ என்ற சொல்லை, கீழ் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கீழான குழந்தை, தாழ்ந்துபோன குழந்தை என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளுகிற தாய்மாரும் உண்டு. அது பிசகு. டவுன் என்பது ஒரு மனிதருடைய பெயர். இப்படிப்பட்ட குழந்தைகளை உலகம் ஒரு மூலையில் தள்ளி வைத்திருந்த காலத்தில், தமக்குக் காத்திருந்த பெரிய உத்தியோகத்தை விட்டு அவர்களிடம் போய்ச் சேர்ந்த ஒரு வைத்தியர் அவர். அவருடைய ஜீவிய சரிதையை இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயரைச் சுமக்கிற குழந்தைகள் நம் மத்தியிலும் இருக்கிறபடியால், இந்தச் சரிதை நமக்கும் உரியதே.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்து தேசத்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்ற மாவட்டம் இருக்கிறது. அதிலே கடலோரமாக டார்பாயின்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே 1828-ம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ந் தேதி ஜான் லாங்டன் டவுன் பிறந்தார். தகப்பனாருக்கு மருந்துக்கடை வியாபாரம். பையனுக்குப் பதினாலு வயதானதும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திக் கடையில் வைத்துக்கொண்டார்கள். மருந்து அரைப்பதும், பொட்டலம் கட்டுவதும், சீசா கழுவுவதும் அவனுடைய வேலை. படிப்பில் ஆசை இருந்தும், குடும்பத்தின் தேவை முந்திக்கொண்டது.

அவருக்குப் பதினெட்டு வயது நடக்கும்போது ஒரு நாள் குடும்பத்தாருடன் வெளியே உலாவப் போனார். வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஓடி ஒரு குடிசையில் ஒதுங்கினார்கள். அந்தக் குடிசையில் புத்திவளர்ச்சி குன்றிய ஒரு பெண் இருந்தாள். வந்தவர்களுக்கு அவள் பணிவிடை செய்தாள். மற்றவர்கள் மழை விட்டதும் அவளை மறந்து தங்கள் வழியே போனார்கள். இந்த வாலிபனுக்கோ அவள் முகம் மனதை விட்டு அகலவில்லை. இவளுக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாதா என்ற கேள்வி அன்று அவர் உள்ளத்தில் விழுந்தது. அநேக ஆண்டுகளுக்குப் பின், பேர்பெற்ற வைத்தியரான பிறகு, இந்தச் சம்பவத்தை அவரே நினைவுகூர்ந்து சொல்லியிருக்கிறார்.

வாசகர்களே, இதைச் சற்றுக் கவனியுங்கள். மழைக்கு ஒதுங்கினவர்கள் பலர். அந்தப் பெண்ணைக் கண்டவர்களும் பலர். ஆனால் கண்டதைக் கேள்வியாக மாற்றிக்கொண்டவர் ஒருவரே. நாமும் தெருவில், திருவிழாவில், பேருந்தில் இப்படிப்பட்டவர்களைக் காண்கிறோம். இரக்கப்படுகிறோம். ‘பாவம்’ என்கிறோம். அந்தச் சொல்லோடு நம் இரக்கம் முடிந்துபோகிறது.

கடையிலிருந்து கலாசாலைக்கு

அதன்பின் அவர் லண்டன் பட்டணம் சென்றார். அங்கே ஒரு ரண வைத்தியரிடம் கையாளாகச் சேர்ந்து, பல் பிடுங்குவதும், மருந்து கலந்து கொடுப்பதும், சீசா கழுவுவதுமாகக் காலம் கழித்தார். பிறகு மருந்தாளர் சங்கத்தின் இரசாயனச் சாலையில் சேர்ந்து பரிசு பெற்றார். இடையிடையே தகப்பனாருக்கு ஒத்தாசை தேவைப்பட்டபோதெல்லாம் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்பினார். 1853-ம் ஆண்டு தகப்பனார் காலமானார். அதே ஆண்டில், இருபத்தைந்து வயதை எட்டும் சமயத்தில், லண்டன் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த வைத்தியக் கலாசாலையில் மாணவராகச் சேர்ந்தார். மற்றவர்கள் படித்து முடிக்கும் வயதில் அவர் படிக்கத் தொடங்கினார். ஆனாலும் எல்லாரையும் முந்திக்கொண்டு, பதக்கங்கள் பல பெற்று, 1856-ல் வைத்தியராகத் தேறினார்.

அந்த ஆஸ்பத்திரியிலேயே அவருக்கு உயர்ந்த பதவி கிடைக்கும், லண்டனில் பேரும் பொருளும் குவியும் என்று ஆசிரியர்களும் நண்பர்களும் எதிர்பார்த்தார்கள். அந்த வேளையில்தான், 1858-ம் ஆண்டு, முப்பது வயது நிறையாத அந்த இளம் வைத்தியர் எல்லாரும் திகைக்கும்படி ஒரு காரியம் செய்தார். எர்ல்ஸ்வுட் என்ற இடத்திலிருந்த புகலிடத்தின் வைத்திய அதிகாரியாகப் போக இசைந்தார்.

எர்ல்ஸ்வுட்

எர்ல்ஸ்வுட் என்பது சர்ரே மாவட்டத்தில் ரெட்ஹில் என்ற ஊரின் அருகே உள்ளது. புத்திவளர்ச்சி குன்றியவர்களுக்கென்று தர்மப் பணத்தில் கட்டப்பட்ட பெரிய மாளிகை அங்கே 1855-ல் திறக்கப்பட்டிருந்தது. ஆண்ட்ரூ ரீட் என்ற போதகரின் முயற்சியால் உண்டான ஸ்தாபனம் அது. நோக்கம் நல்லதே. ஆனால் நடப்பு அவ்வளவு நன்றாக இல்லை. அரசாங்கத்தின் பார்வையாளர்கள் வந்து கண்டு, அங்குள்ள நிலைமையைக் குறித்துக் கடுமையாகக் குறை எழுதினார்கள். வைத்தியர்களுக்குள் அது மதிப்பான உத்தியோகமும் அல்ல. அந்நாளில் அவ்வகையான பிள்ளைகளைக் குணப்படுத்த முடியாது, ஆகையால் வைத்தியனுக்கு அவர்களிடத்தில் வேலையில்லை என்பதே பலருடைய எண்ணம்.

டவுன் வேறு விதமாக எண்ணினார். குணப்படுத்த முடியாவிட்டால் என்ன, வளர்க்கலாம் அல்லவா? நோய் தீர்ந்தால்தான் வைத்தியம் என்பதில்லை. வாழ்வு மேம்பட்டாலும் அது வைத்தியமே. இந்த எண்ணத்தோடு அவர் வேலையைத் தொடங்கினார். அடிப்பதை நிறுத்தினார். பயமுறுத்தித் திருத்துவதைவிட, நன்றாய்ச் செய்ததற்கு ஒரு சிறு பரிசு கொடுப்பது பலன் தரும் என்று ஊழியருக்குக் கற்பித்தார். சுத்தம், காற்றோட்டம், நல்ல ஆகாரம் மூன்றையும் கண்டிப்பாக நடத்தினார். மேஜையில் உட்கார்ந்து கத்தியும் முள்ளும் பிடித்துச் சாப்பிட, தானே உடுத்திக்கொள்ள, சாமான் வாங்கிச் சில்லறை எண்ண, தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்ய அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

அங்கே ஜேம்ஸ் ஹென்றி புல்லன் என்று ஒருவர் இருந்தார். காது கேளாதவர், பேச்சும் தெளிவாக வராது. பள்ளிக்கூடங்கள் கைவிட்டவர். ஆனால் மரத்தைச் செதுக்கினால் அது உயிர்பெற்றதுபோலிருக்கும். ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்ற மாபெரும் நீராவிக் கப்பலைப் போல் அவர் செய்த சிறு கப்பல் பார்த்தவர்களைப் பிரமிக்கச் செய்தது. அவருக்கு அங்கே பட்டறையும் கருவிகளும் கிடைத்தன. புல்லனுக்கு இருந்தது டவுன் சிண்ட்ரோம் அல்ல. ஆயினும், ஒருவனால் முடியாததையே எண்ணிக்கொண்டிருந்தால் அவனால் முடிந்தது கண்ணில் படாது என்பதற்கு அவர் நல்ல சாட்சி.

டவுன் தம் பராமரிப்பிலுள்ளவர்களைப் புகைப்படங்களும் எடுத்தார். இருநூறுக்கு மேற்பட்ட படங்கள் இன்றும் இருக்கின்றன. புகைப்படம் அபூர்வமாயிருந்த அந்தக் காலத்தில் சீமான்களும் சீமாட்டிகளுமே படத்துக்கு உட்காருவார்கள். எர்ல்ஸ்வுட் பிள்ளைகளும் அவர்களைப் போலவே நல்ல உடை உடுத்தி, தலைவாரி, நாற்காலியில் அமர்ந்து படத்தில் தோன்றுகிறார்கள். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், கல்யாண வீட்டில் குடும்பப் படம் எடுக்கும்போது அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறான்? நடுவிலா, கதவுக்குப் பின்னாலா? இதை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1860-ல் அவர் மேரி கிரெல்லின் என்ற பெண்ணை விவாகம் செய்தார். அந்த அம்மாள் கணவருடைய ஊழியத்தில் சரிபாதியைத் தாங்கினவர். எர்ல்ஸ்வுட்டில் சம்பளமில்லாமலே பிள்ளைகளையும் பணிவிடைக்காரர்களையும் கவனித்துக்கொண்டார். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளில் ஒரு பெண் குழந்தையையும், வளர்ந்த ஒரு மகனையும் மரணம் கொண்டுபோனது. பிறர் பிள்ளைகளுக்காகக் கண்ணீர் விட்டவர்கள், தம் பிள்ளைகளுக்காகவும் கண்ணீர் விட்டார்கள்.

1866-ம் ஆண்டின் கட்டுரை

தம்மிடமிருந்த பிள்ளைகளை டவுன் வருடக்கணக்காகக் கூர்ந்து பார்த்தார். தலையை அளந்தார், முகத்தின் அமைப்பை, நாக்கை, நடையை, பேச்சை எழுதி வைத்தார். அவர்களுள் சிலர், வெவ்வேறு குடும்பத்தில் பிறந்தும், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல் ஒத்திருப்பதைக் கண்டார். 1866-ல் அவர் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையில் இவர்களைத் தனி வகையாக விவரித்தார்.

அந்தக் கட்டுரையில் உண்மையும் உண்டு, பிசகும் உண்டு. இரண்டையும் சொல்லுவது நியாயம்.

பிசகு யாதெனில், மனித குலத்தை முகச்சாயலைக் கொண்டு இனம் இனமாகப் பிரிக்கும் அக்காலத்துப் பழக்கத்தைப் பின்பற்றி, இப்பிள்ளைகளுக்கு மங்கோலியர் என்ற பெயரை இட்டார். இதனால் இரண்டு கூட்டத்தாருக்குத் தீங்கு வந்தது. ஒரு தேசத்து ஜனங்களின் பெயர் வசைச்சொல்லாயிற்று. பிள்ளைகளோ சொந்த வீட்டில் பிறந்தும் அந்நியர் ஆனார்கள். ஆனால் அவர் அந்த எண்ணத்திலிருந்து எடுத்த முடிவு வேறொன்று. வெள்ளையன், கறுப்பன் என்ற பிரிவு கடக்கக்கூடாத சுவராயிருந்தால் ஓர் இனத்தாருக்கு வேறொரு இனத்தாரின் சாயலில் பிள்ளை பிறக்குமா, ஆகவே மனித ஜாதி ஒன்றே என்று அவர் வாதித்தார். அமெரிக்காவில் அடிமைத்தனத்தின் பேரில் மூண்ட உள்நாட்டுப் போர் 1865-ல்தான் ஓய்ந்திருந்தது. கறுப்பர் வேறு ஜாதி, ஆகையால் அடிமைகளாயிருக்கலாம் என்று படித்தவர்களே பேசிய காலம் அது. போன வழி தவறு. சேர்ந்த இடம் சரி.

இன்னொரு பிசகு: பெற்றோருக்கிருந்த சயரோகமே இதற்குக் காரணமாயிருக்கலாம் என்று அவர் நினைத்தார். அதுவும் சரியல்லவென்று பின்னால் தெரிந்தது.

இனி உண்மையைக் கேளுங்கள். இந்தப் பிள்ளைகள் பிறரைப் பார்த்து அப்படியே நடித்துக் காட்டுவதில் கெட்டிக்காரர்கள் என்று எழுதினார். வேடிக்கையை ரசிக்கிறவர்கள், பிறரைச் சிரிக்க வைக்கிறவர்கள் என்றார். பேச்சு தடித்துத் தெளிவற்றிருந்தாலும் நாக்குக்கு ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தால் மிகவும் திருந்தும் என்றார். கைகள் தடுமாறினாலும் முறையான பழக்கத்தால் கைவேலை படியும் என்றார். குளிர்காலத்தில் இவர்களுடைய இரத்த ஓட்டம் மெலிந்திருக்கும், கவனம் வேண்டும் என்று எச்சரித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சியினால் இவர்களிடம் உண்டாகும் முன்னேற்றம், முன்பின் அறியாதவர்கள் எதிர்பார்ப்பதைவிட மிக அதிகம் என்று எழுதி வைத்தார். இன்று பேச்சுப் பயிற்சியாளரும் உடற்பயிற்சி வைத்தியரும் செய்கிற வேலையின் விதை அந்தச் சில வரிகளில் இருக்கிறது.

நார்மன்ஸ்பீல்டு

எர்ல்ஸ்வுட்டில் பத்து வருஷம் உழைத்தபின் நிர்வாகத்தாரோடு கருத்து வேற்றுமை உண்டாகி அவர் விலகினார். 1868-ம் ஆண்டு, டவுனும் மேரி அம்மாளும் லண்டனுக்கு மேற்கே, டெடிங்டன் அருகே ஹாம்ப்டன் விக் என்ற இடத்தில் சொந்தமாக ஒரு வீடு வாங்கி, நார்மன்ஸ்பீல்டு என்று பெயரிட்டு, சில பிள்ளைகளோடு புது இல்லத்தைத் தொடங்கினார்கள். இல்லம் வளர்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். தோட்டம், பட்டறை, குதிரையேற்றம், நடனம், சங்கீதம் எல்லாம் அங்கே பாடங்களாயிருந்தன. 1879-ல் ஓர் அழகிய நாடக மண்டபமும் கட்டினார்கள். அந்த மண்டபம் இன்றும் கெடாமல் இருக்கிறது. நடிப்பதில் கெட்டிக்காரர்கள் என்று எழுதினவர், அவர்களுக்கு மேடையும் கட்டிக் கொடுத்தார்.

அங்கே பெரும்பாலும் வசதியுள்ளோரின் பிள்ளைகளே வந்தார்கள். அதற்காக அவரைக் குறை கூறலாம். ஆனால் பணக்கார வீடுகளிலும் அப்பிள்ளைகள் மாடியறையில் பூட்டப்பட்டும், பெயர் சொல்லப்படாமலும் வாழ்ந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. வெட்கம் ஏழை வீட்டுக்கு மட்டும் உரியதல்ல.

டவுன் லண்டன் ஆஸ்பத்திரியிலும் வைத்தியராக நீடித்திருந்தார். பெண்கள் உயர்ந்த படிப்புப் படித்தால் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் புத்திகுன்றிப் போவார்கள் என்று அந்நாளில் சில வைத்தியர்கள் சொல்லி வந்தார்கள். டவுன் அதை எதிர்த்துப் பேசி, பெண்கள் படிக்க வேண்டுமென்று வாதாடினார். பிள்ளையின் குறைக்குத் தாயின் மேல் பழி போடுவதற்கு எந்தக் காலத்திலும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பதை இதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

1896-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி, அறுபத்தேழாம் வயதில், அவர் திடீரென்று மரணமடைந்தார். ரெஜினால்ட், பெர்சிவல் என்ற இரண்டு குமாரர்களும் வைத்தியர்களாகி, தாயாரோடு இல்லத்தை நடத்தினார்கள்.

பேரப்பிள்ளை

இதற்குப்பின் நடந்ததை நினைத்தால் மனம் உருகும். அவர் மரித்து ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, 1905-ல், ரெஜினால்டுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்தது. பாட்டனார் எழுதி வைத்த அடையாளங்கள் பேரனுடைய முகத்தில் தோன்றின.

அந்தப் பிள்ளைக்குப் பாட்டனாரின் பெயரையே, ஜான் என்று, வைத்திருந்தார்கள். குடும்பத்தார் பெயரை மாற்றவுமில்லை, பிள்ளையை மறைக்கவுமில்லை. நார்மன்ஸ்பீல்டின் தோட்டத்திலும் கூடத்திலும் எல்லாருக்கும் பிரியமானவனாக அவன் வளர்ந்து, 1970-ல் மரிக்கும்வரை வாழ்ந்தான். இப்படிப்பட்ட பிள்ளைகளில் அநேகர் சிறு வயதிலேயே இறந்துபோன காலத்தில், அறுபது வயதைத் தாண்டினான். அன்பும் சுத்தமும் வேளைக்கு ஆகாரமும் என்ன செய்யும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

முப்பத்தேழு வருஷத்துக்கு முன் ஒரு பாட்டனார் அந்நிய வீட்டுப் பிள்ளைகளுக்கென்று கட்டியது, தம் சொந்த இரத்தத்துக்கே நிழல் கொடுத்தது. வாசகர்களே, அயலான் வீட்டு ஊனத்தைக் கண்டு நாம் செய்கிற உதவி, வெறும் தர்மம் அல்ல. நாளை யார் வீட்டுத் தொட்டிலில் யார் படுத்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

பெயரும் காரணமும்

1959-ம் ஆண்டு பாரீஸ் பட்டணத்தில் ரேமோன் டுர்பின், மார்த் கோத்தியே, ஜெரோம் லெழேன் என்ற மூன்று வைத்தியர்கள் உண்மையான காரணத்தை உலகுக்கு அறிவித்தார்கள். நம் உடம்பிலுள்ள ஒவ்வொரு உயிரணுவிலும் குரோமோசோம் எனப்படும் நுண்ணிய இழைகள் 23 ஜோடி, அதாவது 46, இருக்கின்றன. இந்தப் பிள்ளைகளுக்கு 21-ம் ஜோடியில் ஒன்று கூடுதலாயிருந்து, மொத்தம் 47 ஆகிறது. உலகுக்குக் குறைவாகத் தெரிந்த குழந்தையிடம் உள்ளபடி இருந்தது ஓர் இழை அதிகம்! லெழேன் ஆழ்ந்த விசுவாசமுள்ள கத்தோலிக்கர். தம் வாழ்நாள் முழுதும் இப்பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்து, 1994-ல் மரித்தார். 2021-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

1961-ல், பழைய பெயரைக் கைவிட வேண்டுமென்று வைத்திய விஞ்ஞானிகள் பலர் லண்டன் வைத்தியப் பத்திரிகைக்கு எழுதினார்கள். டவுன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரும் அதில் கையெழுத்திட்டார். 1965-ல் மங்கோலிய நாட்டார் கேட்டுக்கொண்டதன் பேரில் உலக சுகாதார ஸ்தாபனமும் அந்தப் பெயரை விட்டுவிட்டது. பாட்டனார் தந்த தவறான பெயர் போய், அவருடைய சொந்தப் பெயர் நிலைத்தது.

நார்மன்ஸ்பீல்டின் பிற்காலக் கதையிலும் நமக்குப் பாடம் உண்டு. 1951-ல் அது அரசாங்கத்தின் கைக்கு மாறியது. நாளடைவில் அங்கே பராமரிப்பு சீர்கெட்டு, 1976-ல் தாதிகள் வேலைநிறுத்தம் செய்யும் நிலை வந்தது. பகிரங்க விசாரணை நடந்தது. 1997-ல் ஆஸ்பத்திரி மூடப்பட்டது. இன்று அந்தக் கட்டிடத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் துணைநிற்கிற பிரிட்டிஷ் சங்கத்தின் தலைமையிடம் இருக்கிறது. சுவர் நிற்கும், அன்பு நிற்கவேண்டுமானால் தலைமுறைதோறும் புதிதாக ஊற்றப்பட வேண்டும்.

நமக்கு உள்ள கடமை

பெற்றோர்களே, உங்களுக்குச் சில காரியங்களைத் தெளிவாகச் சொல்லுகிறேன். சுமார் எழுநூறு முதல் ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று இவ்விதம் பிறக்கிறது. எல்லா தேசத்திலும், எல்லாக் குலத்திலும், பணக்காரர் வீட்டிலும் ஏழை வீட்டிலும் பிறக்கிறது. தாயின் வயது ஏற ஏற இதற்கான வாய்ப்பு கூடும் என்பது மெய்யே. ஆனால் இளந்தாய்மாருக்கும் பிறக்கிறது. கிரகணத்தைப் பார்த்ததால் அல்ல, கண்ணேறால் அல்ல, கர்ப்பத்தில் தின்றதாலோ பயந்ததாலோ அல்ல, முன்னோர் செய்த குற்றத்தாலும் அல்ல. மிகச் சிலருக்கு மட்டுமே குடும்பவழியாக வரக்கூடும். அதை இரத்தப் பரிசோதனையால் வைத்தியர் அறிந்து சொல்லுவார். ஆகையால் மாமியார் மருமகளையும், கணவன் மனைவியையும் குற்றம் சாட்டுவதற்கு எள்ளளவும் இடமில்லை.

குழந்தை பிறந்தவுடன் இருதயத்தைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். இவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருதயத்தில் பிறவிக்குறை இருக்கும். அநேகமானவற்றை ரண சிகிச்சையால் சரிப்படுத்தலாம். காதும் கண்ணும் தைராய்டு சுரப்பியும் காலாகாலத்தில் பார்க்கப்பட வேண்டும். காது மந்தமாயிருப்பதைப் புத்தி மந்தம் என்று எண்ணி ஏமாறாதீர்கள். பால் குடிக்க நேரமெடுத்தால் பொறுமையாயிருங்கள். உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் முதல் மாதங்களிலேயே தொடங்கட்டும். மற்றப் பிள்ளைகளைவிட இவன் தாமதமாக உட்காருவான், தாமதமாக நடப்பான், தாமதமாகப் பேசுவான். ஆனாலும் உட்காருவான், நடப்பான், பேசுவான். 1983-ல் அமெரிக்காவில் இவர்களுடைய சராசரி ஆயுள் 25 வருஷமாயிருந்தது. இன்று வைத்திய வசதியுள்ள நாடுகளில் சுமார் 60. ஆகவே இது சில நாள் காரியம் அல்ல. ‘எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?’ என்று கேட்கிற தாயின் கேள்விக்கு உடன்பிறந்தவர்களும் உறவினரும் ஊராரும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டும்.

டவுன் தம் பிள்ளைகளை வீட்டை விட்டுப் பிரித்துத் தம் இல்லத்தில் வளர்த்தார். அன்றைய வீடுகளின் நிலை அப்படி. குழந்தை தன் வீட்டிலேயே, அண்ணன் தம்பி அக்காள் தங்கையோடு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு கலந்து வளர்வதுதான் நல்லதென்று இன்று அறிந்திருக்கிறோம். அப்படியானால் நார்மன்ஸ்பீல்டில் அவர் வைத்திருந்த தோட்டமும் பாட்டும் விளையாட்டும் மேடையும் இப்போது நம் ஒவ்வொருவர் வீட்டிலும், தெருவிலும், பள்ளிக்கூடத்திலும் இருக்க வேண்டும் அல்லவா? தாயும் தகப்பனும் மட்டும் அதைச் சுமக்க முடியாது.

ஆகையால் பங்கிலுள்ள மற்றக் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. அப்படி ஒரு குழந்தை பிறந்த வீட்டுக்குப் போங்கள். மற்ற வீட்டுக்குப் போவதுபோலவே கையில் பலகாரத்தோடு போங்கள். காரணம் விசாரிக்காதீர்கள், பரிகாரம் சொல்லாதீர்கள். குழந்தையின் பெயரைக் கேளுங்கள். அந்தப் பெயரால் கூப்பிடுங்கள். மடியில் வாங்கிக் கொஞ்சுங்கள். தாய் ஒரு மணி நேரம் உறங்கும்படி அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் அவளுடைய மூத்த பிள்ளைகளுக்குச் சோறு போடுங்கள். உங்கள் பிள்ளைகளின் பிறந்த நாளுக்கு அந்தப் பிள்ளையையும் அழையுங்கள். கோயிலில் அவன் சத்தம் போட்டால் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். சர்வேசுரனுடைய சமுகத்தில் அவனுடைய சத்தமும் ஒரு ஜெபமே.

கார்ன்வாலில் ஒரு நாள் பெய்த மழையினால், மருந்துக்கடைப் பையன் ஒருவன் ஒரு கேள்வியோடு வீடு திரும்பினான். அந்தக் கேள்விக்கு அவன் ஐம்பது ஆண்டுகள் தன் ஜீவியத்தால் பதில் சொன்னான். அவனுக்கு இருந்த வைத்திய ஞானம் நமக்கு இல்லாமலிருக்கலாம். ஆனால் அதே கேள்வி நம் பக்கத்து வீட்டில் தொட்டில் கட்டிக் கிடக்கிறது. இந்த வாரமே போய்ப் பாருங்கள்.